உப்பு வரப்பும் விறலியின் பாதமும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதத்தில், முதுகலை மாணவிகளை மரக்காணத்துக்கு அழைத்துச் சென்றேன். சிறுபாணாற்றுப்படை பாடத்தில் இருந்தது. அதில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். வகுப்பறையில் நெய்தல் திணையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவதைவிட உப்பளத்தின் நடுவில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வரலாம் என்று தோன்றியது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் பாத்திகள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. பேருந்தை ஓரமாக நிறுத்தச் சொல்லி எல்லோரும் இறங்கினோம்.

எல்லோரும் என்று எழுதும்போதே கை நிற்கிறது. ஒருத்தி இறங்கவில்லை. இரண்டு ஊன்றுகோல்களோடு நடப்பவள் அவள். சாலையிலிருந்து பாத்திகளுக்குள் போகும் வரப்பு ஓரடி அகலம்தான் இருக்கும். ஈரமும் வழுக்கலும் வேறு. ஜன்னல் வழியாக அதைப் பார்த்தவள், “நீங்க போய்ட்டு வாங்க மேடம், நான் இங்கேயே இருக்கேன்” என்றாள். “சரிம்மா, பத்திரமா இரு” என்று சொல்லிவிட்டு நானும் இறங்கிவிட்டேன். எத்தனை இடங்களில் சொல்லிப் பழகியிருந்தால் அந்த வாக்கியம் அவ்வளவு இயல்பாக வாயில் வந்திருக்கும் என்று யோசிக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின.

நாங்கள் திரும்பி வந்தபோது பேருந்தின் படிக்கட்டில், நிழலுக்காக, வயதான பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அளத்தில் வேலை பார்க்கும் மகளுக்குச் சோறு கொண்டுவந்தவர். அவரும் அங்கே உப்புச் சுமந்தவர்தான். முட்டி தேய்ந்த பிறகு விட்டுவிட்டார். இருவரும் வெகுநேரம் பேசியிருக்கிறார்கள். “இங்க சுத்திப் பாக்க என்ன இருக்கு ஆயா?” என்று இவள் கேட்க, அவர் சிரித்திருக்கிறார். “முப்பது வருசம் இந்த வரப்புலதான் நடந்தேன் கண்ணு. சுத்திப் பாக்க நான் எப்ப வந்தேன்?”

இந்தக் கட்டுரை அந்த இரண்டு பெண்களுக்காக எழுதப்படுகிறது. இயற்கையைப் பார்க்கவென்று ஒரு பாதை போடும்போது யாருடைய உடலை மனதில் வைத்துப் போடுகிறார்கள்? இந்தக் கடற்கரையில் இந்தக் கேள்வி புதிதல்ல.

*

வழி சொல்லும் இலக்கியம்

ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்துவது என்றால் வழியில் செலுத்துவது. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு எங்கே போக வேண்டும், எப்படிப் போக வேண்டும் என்று சொல்லும் இலக்கியத்துக்கு நம் முன்னோர் ஆற்றுப்படை என்று பெயர் வைத்தார்கள். சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழி நாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். மரக்காணத்துக்குச் சற்று வடக்கே இடைக்கழிநாடு அதே பெயரில் இன்றும் இருக்கிறது. ஆகவே இது ஊர்க்காரர் சொன்ன வழி என்று எடுத்துக்கொள்ளலாம்.

அவர் வழி சொல்லும் முறையைக் கவனியுங்கள். நெய்தலில் எயிற்பட்டினம், முல்லையில் வேலூர், மருதத்தில் ஆமூர், கடைசியில் திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில் என்று ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர்களை வரிசையாகச் சொல்கிறார். வெறும் பெயர்களாகச் சொல்லிவிட்டுப் போவதில்லை. ஒவ்வோர் ஊரிலும் எந்தப் பூ இருக்கும், யார் எதிர்ப்படுவார்கள், என்ன சாப்பிடத் தருவார்கள் என்று சொல்கிறார். எயிற்பட்டினத்தில் அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரத்தை விறகாக எரிக்கிறார்கள். நுளையர் பெண் அரித்த பழைய கள் கிடைக்கும். சுட்ட மீன் கிடைக்கும். போகிறவர் அங்கே போய்ச் சேருமுன்பே புகையின் மணத்தையும் மீனின் சுவையையும் அறிந்துகொள்கிறார்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் தாய்மாரிடம், வெளியே கூட்டிப்போகும்போது எது உதவும் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: அடுத்து என்ன வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எங்கே சத்தம் இருக்கும், எங்கே நாற்றம் அடிக்கும், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எங்கே உட்காரலாம். புலன்களுக்கு இணக்கமான பாதை என்று இன்று உலகம் பேசும் வடிவமைப்பின் பாதி இதுதான். நமக்கு இது ஓர் இலக்கிய வகையாகவே இருந்திருக்கிறது.

ஆற்றுப்படையில் நடப்பவர்கள் ஆண்கள் மட்டுமல்லர். பாணரோடு விறலியரும் நடந்தார்கள். சிறுபாணாற்றுப்படையில் விறலியின் பாதத்துக்கு வரும் உவமை, ஓடி வருந்திய நாயின் நாக்கு. நடந்து களைத்து நிழலில் உட்கார்ந்திருக்கும் அவர்களுடைய சிறிய பாதங்களை இளைஞர்கள் மெல்ல வருடிக்கொடுக்கிறார்கள். விறலியின் அழகைச் சொல்லும் பகுதி என்று இதை நாங்கள் காலம் காலமாக நடத்திவிட்டுப் போகிறோம். கூந்தலில் தொடங்கும் வருணனை என்று குறிப்பு எழுதச் சொல்கிறோம். மரக்காணம் போய்வந்த பிறகு எனக்கு அந்த இடத்தில் அழகு தெரியவில்லை. சிவந்து வீங்கிய ஒரு பாதம் தெரிகிறது. வழி சொல்லத் தொடங்கும் முன், நடப்பவர்களில் களைத்தவர் யார் என்று அந்தக் கவிஞர் பார்த்திருக்கிறார். வழி அமைப்பவர்கள் இன்று தவறவிடும் முதல் வேலை அதுதான்.

*

சுமந்து நடந்தவர்கள்

உப்பின் வழியிலும் பெண்கள் நெடுக இருந்தார்கள். பெரும்பாணாற்றுப்படையில் வரும் உமணரின் வண்டி வரிசையில், குழந்தையை வைத்திருக்கும் ஒருத்தி எருதுகளை ஓட்டிக்கொண்டு போகிறாள். அகநானூற்றில் நெல்லுக்குச் சமமாக உப்பு என்று தெருவில் கூவி விற்பவள் உமணர் வீட்டுப் பெண். உப்பை விற்கும் பெண்களுக்கு உமட்டியர் என்று தனிச்சொல்லே இருந்தது.

பிறகு உப்பு அரசாங்கத்தின் கைக்குப் போனது. 1805-இல் கிழக்கிந்தியக் கும்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. தன் ஊர்க் கடற்கரையில் தானாகப் படிந்த உப்பை ஒரு பெண் மடியில் அள்ளினால் குற்றம் என்றானது. உப்பளத்தின் வரப்பு, காவலுக்கும் கணக்குக்கும் உட்பட்ட வரப்பானது.

அந்த நூற்றாண்டில்தான் இங்கே இன்னொரு வழியும் வந்தது. சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கிய கால்வாய், வடக்கே ஆந்திரக் கரைக்கும் தெற்கே மரக்காணத்துக்கும் நீண்டது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது, சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது. பஞ்ச நிவாரண வேலைகளில் அரை வயிற்றுக் கூலிக்கு மண் சுமந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் ஏராளம். அந்தக் கால்வாயின் தென்கோடிதான் மரக்காணம். படகில் உப்பும் விறகும் போக, கரையில் நடந்தபடி ஆட்கள் கயிறு கட்டி இழுத்தார்கள்.

இன்றும் உப்பளத்தில் வேலை பெரிதாக மாறிவிடவில்லை. கழியிலிருந்து வரும் நீரைத் தெப்பங்களில் தேக்கிக் கெட்டியாக்கி, பாத்திகளில் விட்டு, விளைந்ததைப் பலகையால் வாரி ஒதுக்குகிறார்கள். அதைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்து மேட்டில் கொண்டுபோய்க் கொட்டுவது பெரும்பாலும் பெண்கள். வெயிலுக்கு முன் முடிக்க வேண்டும் என்று இருட்டிலேயே வந்துவிடுகிறார்கள். பாதம் வெடிக்கிறது, வெடிப்பில் உப்பு இறங்குகிறது. வெள்ளைப் பரப்பில் எதிரொளிக்கும் வெயில் ஆண்டுக்கணக்கில் கண்ணில் இறங்குகிறது. ஒதுங்க மறைவிடம் இல்லாததால் தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகி, அதனால் வரும் உபாதைகள் வேறு. மாற்றுத்திறனாளிகள் என்றால் பிறவியிலோ விபத்திலோ ஆனவர்கள் என்றுதான் நமக்குப் படம் வருகிறது. இங்கே வேலையே உடலைக் கொஞ்சம் கொஞ்சமாக முடக்குகிறது. அப்படி முடங்கியவருக்கு அடையாள அட்டை கிடையாது. வயசாயிடுச்சு என்ற ஒரு சொல்தான் கிடைக்கும்.

சுற்றிப் பார்க்க வருகிறவர் மெச்சும் அந்த வெண்மை, அங்கே நின்றவரின் கண்ணைக் கேட்டு வாங்கிய வெண்மை. இந்தக் கரையில் எல்லோருக்குமான பாதை என்று யாராவது பேசினால், அந்த எல்லோரிலும் முதலில் வர வேண்டியவர் அந்த ஆயாதான்.

*

நடப்பவர் என்றால் யார்

உப்புக்காக நடந்த நடைகளில் புகழ்பெற்றது தண்டி யாத்திரை. 1930 மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து காந்தியோடு புறப்பட்ட 78 பேரும் ஆண்கள். கள்ளுக்கடை, அந்நியத் துணிக்கடை மறியல்தான் பெண்களுக்கு ஏற்றது என்பது அவருடைய எண்ணமாக இருந்தது. கமலாதேவி சட்டோபாத்யாய் போன்றவர்கள் அவரோடு வாதாடினார்கள். அதன் பிறகு உப்பு எடுக்கும் போராட்டத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் இறங்கினார்கள். நம் பக்கம் அதே ஆண்டு ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்த போராட்டத்தில் சிறை சென்றவர் ருக்மிணி லட்சுமிபதி. பின்னாளில் சென்னை மாகாணத்தின் முதல் பெண் அமைச்சர்.

நெடுந்தூரம் நடக்கும் உடல் என்றதும் மனதில் தோன்றுவது திடமான ஓர் ஆணின் உடல். உப்பைத் தலையில் சுமந்து அன்றாடம் நடந்தவர்கள் பெண்களாக இருந்தபோதும் இந்தப் படம் மாறவில்லை. வேலைக்கு நடப்பது நடையாகக் கணக்கில் வருவதில்லை. பூங்காவின் படிகளையும் காட்டுப் பாதையின் மேடுகளையும் கடற்கரை மணலையும் அந்த ஓர் உடலுக்காகவே விட்டுவைத்திருக்கிறோம். வயிற்றில் பிள்ளையோடு வருபவள், இடுப்பில் குழந்தையோடு வருபவள், மாதவிடாய் நாளில் வருபவள், மாமியாரின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருபவள் என்று யாரும் அந்தப் படத்தில் இல்லை.

*

மற்ற ஊர்களில் போட்ட பாதைகள்

இந்தப் படத்தை மாற்ற முயன்றவர்களில் ஒரு பெண்ணின் பெயரை நம் மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆலிஸ் ரெக்நாகல் அயர்ஸ் என்ற நிலவடிவமைப்பாளர், நியூயார்க்கின் புரூக்ளின் தாவரவியல் பூங்காவில் 1955-இல் ஒரு நறுமணத் தோட்டத்தை அமைத்தார். பார்வையற்றவர்களை மனதில் வைத்து அமெரிக்காவில் அமைக்கப்பட்ட முதல் தோட்டம் அது. சக்கர நாற்காலியில் இருப்பவரும் குனியாமல் தொட, முகர வசதியாகச் செடிப்பாத்திகள் உயர்த்திக் கட்டப்பட்டன. 1967-இல் கொலராடோவின் ஆஸ்பென் அருகே, காட்டுக்குள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிரெயில் பலகைகளைப் படித்தபடி போகும் பாதை வந்தது. சில ஆண்டுகளிலேயே பார்வையற்றோர் இயக்கங்களுக்குள்ளிருந்து ஒரு விமர்சனமும் எழுந்தது: எங்களுக்கென்று தனித் தோட்டம் வேண்டாம், எல்லோரும் போகும் தோட்டத்துக்குள் நாங்களும் வர வேண்டும். பெண்களுக்கென்று தனி வரிசை, தனிப் பேருந்து என்று பழகிய நமக்கு இந்த விமர்சனம் எளிதில் புரியும். தனி இடம் பாதுகாப்பாகவும் இருக்கும்; மற்ற இடங்களிலிருந்து நம்மை விலக்கிவைக்க ஒரு சாக்காகவும் ஆகும்.

இந்தியாவில் 1995-இன் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசமும் அதில் வந்தது. கல்வி, வேலையோடு பண்பாட்டையும் பொழுதுபோக்கையும் உரிமையாகவே இந்தச் சட்டம் பேசுகிறது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் வசதிகளை வெறும் பரிந்துரைகளாக விட்டுவிட முடியாது, கட்டாயமான குறைந்தபட்ச விதிகள் வேண்டும் என்று சொன்னது.

நம் கடற்கரையிலும் ஓர் அனுபவம் உண்டு. மாற்றுத்திறனாளி அமைப்புகள் பல ஆண்டுகள் கேட்டபின், சென்னை மெரினாவில் 2022 நவம்பர் 27 அன்று 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. அதுவரை ஆண்டில் சில நாட்கள் தற்காலிகமாகப் போடும் பாதைதான். வாழ்நாளெல்லாம் சென்னையில் இருந்தும் கடல் அலையைக் காலில் தொட்டிராத பெண்கள் அன்று தொட்டார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டது. செலவு வீண் என்று பேசியவர்கள் இருந்தார்கள். புயலில் சாலை அறுந்தால் சாலையே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. பாதை பழுது பார்க்கப்பட்டு மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது.

*

மரக்காணத்தில் ஒரு பாதை

இப்போது மரக்காணத்துக்கு வருவோம். உப்பளங்களுக்கு அருகே விரிந்திருக்கும் கழுவேலி, பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி. 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2023-24 நிதிநிலை அறிக்கையில், மரக்காணத்தில் 25 கோடி ரூபாயில் பன்னாட்டுப் பறவைகள் மையம் அமைக்கப்படும் என்ற அறிவிப்பும் வந்தது. பூநாரைகளையும் கூழைக்கடாக்களையும் பார்க்க மக்கள் வருவார்கள். அவர்களுக்கு நடைபாதைகள் வரும். அவை எப்படி இருக்க வேண்டும் என்று பேச வேண்டிய நேரம் காரை பூசுவதற்கு முன்புதான்.

முதல் செய்தி நல்ல செய்தி. மலைப் பாதைகளுக்குப் பெரும் சிக்கல் சரிவு. உப்பளமும் கால்வாய்க் கரையும் தட்டை. சரிவான இடத்தில் பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓரடிக்கு மேல் உயரக் கூடாது என்பது விதி. இங்கே சாலையிலிருந்து இறங்கும் இடத்திலும் மடைகளைக் கடக்கும் இடத்திலும் மட்டும்தான் அந்தக் கணக்கே தேவைப்படும். குறை அகலத்தில் இருக்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்க 1.8 மீட்டர் வேண்டும். ஒன்று நின்று திரும்ப 1.5 மீட்டர் விட்டம் வேண்டும். ஓரங்களில் சற்று உயர்ந்த விளிம்பு இருந்தால் பார்வையற்றவரின் கோல் அதைத் தொட்டுக்கொண்டே போகும். சக்கரமும் பாத்திக்குள் இறங்காது. உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்பதை இங்குள்ள எந்த வீட்டுக் கதவும் சொல்லும். ஆகவே ஆணியிலிருந்து கைப்பிடி வரை அதை நினைத்துச் செய்ய வேண்டும். 2011-இல் தானே, 2024-இல் ஃபெஞ்சல் என்று புயல்கள் வந்துகொண்டேதான் இருக்கும். பலகைகளைப் பகுதி பகுதியாகக் கழற்றி மாட்டும்படி வைத்து, ஆண்டுதோறும் பழுது பார்க்கப் பணமும் ஒதுக்க வேண்டும்.

அடுத்தது புலன்கள். தொல்காப்பியம் உயிர்களை அறிவால் வரிசைப்படுத்தும்போது தொடுதலில் தொடங்குகிறது. பிறகு சுவை, மணம். பார்வை நான்காவதாகத்தான் வருகிறது. நம் சுற்றுலாவோ பார்வையில் தொடங்கிச் செல்பியில் முடிகிறது. கழிநீர், தெப்பத்து நீர், பாத்தி நீர் என்று மூன்றையும் விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு விளையும் கதை முழுவதும் தெரிந்துவிடும். அதற்குக் கண் தேவையில்லை. ஆனால் புலன்களைத் திறக்கும் இடம் சிலருக்குப் புலன்களைத் தாக்கும் இடமாகவும் இருக்கும். நண்பகலில் உப்பின் கூச்சம், பார்வை மங்கியவருக்கும் ஒற்றைத் தலைவலிக்காரருக்கும் ஆட்டிசம் உள்ளவருக்கும் தாங்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஹாரன் சத்தமும் அப்படித்தான். பாதை சாலையை விட்டு விலகி, கருமையான தளத்தோடு, காலையிலும் மாலையிலும் திறந்திருக்கட்டும். இடையிடையே கீற்றுப் பந்தலும், முதுகு சாய்க்க இருக்கையும், யாரும் பேச்சுக் கொடுக்காத ஒரு மூலையும் இருக்கட்டும். தொடக்கத்தில் ஒரு பலகை வேண்டும். எத்தனை அடி தூரம், எங்கே சேற்று நாற்றம், எங்கே நிழல், எங்கே கழிப்பறை என்று எளிய தமிழிலும் படங்களிலும் பிரெயிலிலும் குரலிலும் அது சொல்ல வேண்டும். அதற்கு ஆற்றுப்படை என்றே பெயர் வைக்கலாம்.

கழிப்பறையைத் தனியே சொல்ல வேண்டும். அது இல்லாத இடத்துக்கு எந்தப் பெண்ணும் நிம்மதியாகப் போக மாட்டாள்; சக்கர நாற்காலியில் இருப்பவள் போகவே மாட்டாள். சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு ஒன்று கட்டினால், பக்கத்துப் பாத்தியில் வேலை செய்கிறவர்களும் போகும்படி அது இருக்க வேண்டும்.

பறவைகளின் அமைதி கெடும் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு விடை, ஏரி முழுக்கப் பல மோசமான பாதைகளைப் போடாமல், எல்லோரும் போகக்கூடிய ஒரே ஒரு நல்ல பாதையைக் குறுகிய தூரத்துக்குப் போடுவது. சேற்றில் கைவிட்டு இறாலும் நண்டும் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்கள் இறங்கும் துறைகளை அந்தப் பாதை அடைத்துவிடக் கூடாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பள வேலை நின்றுபோகும். அந்த மாதங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. வலசைப் பறவைகள் வரத் தொடங்குவதும் அதே மாதங்களில்தான். அளத்துப் பெண்களுக்கு வேலை இல்லாத காலமும் பார்வையாளர்கள் வரும் காலமும் ஒன்றாக இருக்கும்போது, வழிகாட்டிகளை வேறெங்கும் தேட வேண்டாம். எந்த மடையில் எப்போது நீர் ஏறும், எந்தப் பறவை எந்தச் சேற்றில் இறங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். முட்டி தேய்ந்தவரும் பந்தலில் உட்கார்ந்தபடி உப்பின் கதையைச் சொல்ல முடியும். அதற்குக் கூலி தர வேண்டும். சால்வையோடு நிறுத்திவிடக் கூடாது.

*

அந்தப் பயணத்துக்குப் பின் மாணவிகள் எல்லோரும் கருத்தரங்கக் கட்டுரை எழுதினார்கள். பேருந்தில் இருந்தவள் எழுதியது இரண்டே பக்கம். ஊன்றுகோலோடு அடுத்து வரப்போகும் ஒருத்திக்கு வழி சொல்வதாக, ஆற்றுப்படை வடிவில் எழுதியிருந்தாள். பேருந்துப் படி உயரம், பிடித்துக்கொள்ளக் கம்பி ஒரு பக்கம்தான். சாலையோரம் ஜல்லி, கோல் சறுக்கும். நிழல் கிடையாது. கழிப்பறைக்கு ஊருக்குள் போக வேண்டும். லாரி போகும்போது தவிர மற்ற நேரம் பலகையால் உப்பை வாரும் சத்தம் நன்றாகக் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டால் மழை போல இருக்கும்.

அதற்கு நல்ல மதிப்பெண் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். இப்போது எடுத்துப் படிக்கும்போது, பறவைகள் மையத்துக்கு வரைபடம் போடுகிறவர்களின் மேசையில் இருக்க வேண்டிய தாள் அது என்று தோன்றுகிறது. அதன் கடைசி வரியில் ஓர் ஆயாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள்: மத்தியானத்தில் வருவார், உட்கார இடம் இருந்தால் நிறையப் பேசுவார், ஆனால் உட்கார இடம் இல்லை.